பச்சைத் திரையும் வட்டப்பாறையும்: காணொளி ஊழியத்தில் இடமும் உண்மையும்

முன்னுரை

2020 மார்ச் மாதத்தில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது ஆலயக் கதவுகள் அடைபட்டன. அவ்வாண்டின் உயிர்த்தெழுதல் திருநாளைப் பெரும்பாலான சபையார் தம் இல்லங்களில், கைபேசித் திரையின் முன் அமர்ந்தே ஆசரித்தனர். அதுவரை காணொளி என்பதைப் பெருநகர் ஊழியங்களுக்கு உரிய ஆடம்பரமாகக் கருதிவந்த சிற்றூர் ஆயர்களும் காமிராவின் முன் நிற்க வேண்டியவராயினர். ஊரடங்கு நீங்கியது, காணொளி நீங்கவில்லை. இன்று தவக்காலத் தியானங்கள், திருமறை வகுப்புகள், நிவாரண வேண்டுகோள்கள் யாவும் படமாக்கப்பட்டு அனுப்பப்படுகின்றன.

இப்பணியில் ஈடுபடுவோர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, அறைக்குள் பச்சைத் துணியை விரித்து, அதன்முன் நின்று பேசி, பின்னர் அப்பச்சையை நீக்கி வேறொரு காட்சியைப் பின்னணியாகப் பொருத்துவது. மற்றொன்று, உரிய இடத்திற்கே சென்று படம் எடுப்பது. முன்னதைப் பச்சைத் திரை முறை என்கிறோம். திரைப்படத் துறையினர் அதைக் ‘கிரீன் மேட்’ என்பர். பின்னதற்கு வெளிப்புறப் படப்பிடிப்பு என்று பெயர்.

இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது செலவையும் வசதியையும் மட்டும் பொறுத்த வினாவன்று. சாட்சி பகர்தலைப் பற்றிய இறையியல் வினாவும் அதில் அடங்கியுள்ளது. பார்ப்பவரிடம் நம் படம் எதனை உண்மை என்று கூறுகிறது? அக்கூற்றுக்கு நாம் பொறுப்பேற்க முடியுமா? விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம். சத்தியம் செய்வதற்கென்றே பெயர்பெற்ற ஒரு பாறை அவ்வூரில் இருப்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமாக அமைகிறது.

1. திருச்சபையும் திரைப்படமும்

அசையும் படத்திற்கும் கிறிஸ்துவின் வரலாற்றுக்கும் நம் நாட்டில் தொடக்கமுதல் தொடர்பு உண்டு. 1905இல் இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், துய்ப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரம் அமைத்துக் காட்டினார். அவர் காட்டிய படங்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பம்பாயில் தாதாசாகேப் பால்கேயும் கிறிஸ்துவின் வாழ்வைப் பற்றிய படமொன்றைக் கண்டே திரைப்படம் எடுக்கும் ஊக்கம் பெற்றார். அவர் 1913இல் வெளியிட்ட முதற்படத்தின் தலைவன், பொய் சொல்லாமைக்காக அனைத்தையும் இழந்த அரிச்சந்திரன் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஒருவரை ஓரிடத்தில் படமெடுத்து வேறோரிடத்தில் நிற்பதுபோல் காட்டும் நுட்பமும் பழமையானதே. 1940இல் வெளிவந்த ‘பாக்தாத் திருடன்’ என்னும் ஆங்கிலப் படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையைப் பயன்படுத்தி வண்ணப் படத்தில் இதனைச் செய்தார். அப்படத்தில் நடித்த சாபு, மைசூர் நாட்டைச் சேர்ந்த இளைஞர். பின்னர் 1959இல் வெளிவந்த ‘பென்ஹர்’ படத்திற்காகப் பெட்ரோ விளாஹோஸ் என்பவர் நிற வேறுபாட்டு முறை ஒன்றை வகுத்தார். முடி, புகை, கண்ணாடி போன்றவற்றின் விளிம்புகளையும் ஓரளவு இயல்பாகக் காட்ட அது உதவியது. கிறிஸ்துவின் காலத்தைச் சித்திரிக்கும் கதைக்காகவே அம்முறை உருப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே, பச்சைத் திரையைச் சமயத்திற்குப் புறம்பான புதுமை என்று ஒதுக்குவதற்கில்லை.

2. பச்சைத் திரை இயங்கும் முறை

பச்சைத் திரையின் கோட்பாடு எளியது. படத்தில் குறிப்பிட்ட ஒரு நிறம் எங்கெல்லாம் உள்ளதோ அங்கெல்லாம் அப்பகுதியை ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் ஆக்குமாறு கணிப்பொறிக்குக் கட்டளையிடுகிறோம். அக்கண்ணாடி வழியே, அடியில் வைத்த வேறு காட்சி தெரிகிறது.

பச்சை நிறத்தைத் தேர்வதற்குக் காரணங்கள் உண்டு. மனிதத் தோல் கறுப்பாயினும் மாநிறமாயினும் வெளுப்பாயினும் அதில் சிவப்பும் மஞ்சளும் கலந்த சாயலே மேலோங்கியிருப்பதால், பச்சையை நீக்கும்போது முகம் பாதிக்கப்படுவதில்லை. மேலும், இன்றைய காமிராக்களின் உணர்தகட்டில் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று சிவப்பையும், ஒன்று நீலத்தையும், இரண்டு பச்சையையும் உணருமாறு அமைந்துள்ளன. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவரின் பெயரால் வழங்கும் இவ்வமைப்புக்கு 1976இல் காப்புரிமை அளிக்கப்பட்டது. உயர்தெளிவுக் காணொளியில் வெளிச்சத்தின் அளவைக் கணக்கிடும்போதும் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 விழுக்காடு; நீலத்தின் பங்கு 7 விழுக்காடே. எனவே பச்சைத் திரைக்குக் குறைந்த ஒளி போதும். விளிம்புகளும் தெளிவாக அமையும்.

இம்முறையில் தவறுகள் நேரும் இடங்கள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, திரையின் ஒளி. துணியில் சுருக்கமும் நிழலும் இருந்தால் பச்சை பல பச்சைகளாகிவிடும். கருவி எதனை நீக்குவது என்று தடுமாறும். துணியை இறுக்கமாகக் கட்டி, பேசுபவருக்கு ஒளி தரும் விளக்குகளின்றித் திரைக்கென்றே இருபுறமும் தனி விளக்குகள் வைத்தல் வேண்டும். நான்கு மூலைகளும் நடுவும் ஒரே பச்சையாகத் தெரிந்த பின்னரே படப்பிடிப்பைத் தொடங்கவேண்டும்.

இரண்டாவது, பச்சை படிதல். பேசுபவர் திரைக்கு அருகில் நின்றால் துணியிலிருந்து தெறிக்கும் பச்சை ஒளி அவர் தோளிலும் காதோரத்திலும் படியும். நம் ஆயர்கள் அணியும் வெள்ளை அங்கியில் இது மிகுதியாகப் படியும். ஆறு அல்லது ஏழு அடி தள்ளி நிற்பதும், பின்புறமிருந்து தலைமேல் சிறு விளக்கொன்றை இடுவதும் இக்குறையைப் போக்கும்.

மூன்றாவது, உடையின் நிறம். திருச்சபை ஆண்டில் பெந்தெகொஸ்தே திருநாளை அடுத்த நெடுங்காலத்திற்குப் பச்சையே வழிபாட்டு நிறம். பச்சைத் தோளாடை அணிந்து பச்சைத் திரைமுன் ஆயர் நின்றால், அவர் மார்பின் இருபுறமும் துளை விழுந்து பின்னணிக் காட்சி தெரியும். குருத்தோலை ஞாயிற்றில் பிள்ளைகள் ஏந்தும் ஓலையும், பாடகர் குழுவினரின் பச்சைக் கரைச் சேலையும் இவ்வாறே மறையும். அத்தகைய நாள்களில் நீலத் துணியைப் பயன்படுத்துவதே தக்கது.

நான்காவது, காமிராவின் சிக்கனம். கைபேசியும் விலை குறைந்த காமிராக்களும் கோப்பின் அளவைக் குறைக்க, ஒளியை முழுமையாகப் பதிவு செய்து நிறத்தை மட்டும் சுருக்கிப் பதிவு செய்கின்றன. நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறக் குறிப்பே எஞ்சுகிறது. பச்சையை நீக்கும் வேலை நிறத்தையே நம்பியிருப்பதால் முடியோரங்கள் பல்பல்லாகத் தோன்றுகின்றன. நிறத்தை மிகுதியாகப் பதிவு செய்யும் வசதி காமிராவில் இருப்பின் அதனைத் தேர்ந்துகொள்க. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆதலால் நொடிக்கு 25 படங்கள் என்றும், திறப்பு நேரம் நொடியில் 50இல் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொண்டால் விளக்குகளின் துடிப்பு படத்தில் தெரியாது.

இவையனைத்தும் நன்கு அமைந்தாலும் பின்னணி பொருந்தாவிடில் பயனில்லை. பின்னணிக் காட்சியைக் காலை 7 மணிக்கு வடக்கு நோக்கி எடுத்திருந்தால் அதில் வெயில் வலப்புறமிருந்து வரும். அறையிலும் முதன்மை விளக்கு வலப்புறமே இருத்தல் வேண்டும். பின்னணியை ஐந்தடி உயரத்திலிருந்து எடுத்திருந்தால் பேசுபவரையும் அதே உயரத்திலிருந்து எடுக்கவேண்டும். இல்லையெனில் அவர் வயலில் நிற்பவராகத் தோன்றாமல் வயலுக்கு மேல் மிதப்பவராகத் தோன்றுவார். கண் ஏமாந்தாலும் காது ஏமாறாது என்பதையும் மறத்தலாகாது. நான்கு சுவர்களுக்குள் எதிரொலிக்கும் குரலைத் திறந்த ஆற்றுவெளியோடு பொருத்தினால், பார்ப்பவர் காரணம் அறியாமலே ஏதோ பொய்மையை உணர்வர். அறையில் சமுக்காளமும் போர்வையும் தொங்கவிடுவது எதிரொலியை அடக்கும்.

3. திருவாமாத்தூரில் படம் எடுப்பதாயின்

இனி வெளிப்புறப் படப்பிடிப்பைக் காண்போம். மலைப்பொழிவில் சத்தியம் செய்தலைப் பற்றிய பகுதியை (மத்தேயு 5:33-37) விளக்கும் பத்து நிமிடக் காணொளி ஒன்றை விழுப்புரம் வட்டாரச் சபை ஒன்று எடுக்க விரும்புகிறது எனக் கொள்வோம். அதற்குத் திருவாமாத்தூரினும் பொருத்தமான இடம் அப்பகுதியில் இல்லை.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையிலிருந்து பிரிந்து, பம்பை ஆற்றங்கரையில் அமைந்துள்ள இவ்வூர், சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவராலும் பாடப்பெற்ற நடுநாட்டுச் சிவத்தலங்களுள் ஒன்று. ஆக்கள் வழிபட்ட இடமாதலால் ஆமாத்தூர் எனப் பெயர் பெற்றது என்பர். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் மடம் அமைத்து வாழ்ந்து 1898இல் மறைந்ததும் இவ்வூரிலேயே. இங்குள்ள வட்டப்பாறையில் கைவைத்துச் சத்தியம் செய்வதும், வழக்குகளைத் தீர்த்துக்கொள்வதும் நெடுநாளைய வழக்கம்.

அப்பாறையைப் பற்றி வழங்கும் கதை நம் கவனத்திற்குரியது. தம்பியின் பொருளைக் கவர்ந்துகொண்ட அண்ணன் ஒருவன், அப்பொருளைத் தன் கைத்தடிக்குள் மறைத்துவைத்தான். பாறையின்முன் வந்ததும், தடியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுமாறு தம்பியிடம் கொடுத்தான்; பின் பாறையைத் தொட்டு, பொருள் தன்னிடம் இல்லை, தம்பியிடமே உள்ளது என்று சத்தியம் செய்தான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அந்த நொடியில் உண்மையே. எனினும் திரும்பும் வழியில் பாம்பு தீண்டி அவன் மாண்டான் என்று கதை முடிகிறது. இதே கதை மேலைநாடுகளிலும் உண்டு. இடைக்காலத்தில் தூய நிக்கோலாவின் அற்புதங்களுள் ஒன்றாக இது சொல்லப்பட்டது. 1615இல் வெளிவந்த ‘டான் குயிக்சோட்’ நூலின் இரண்டாம் பாகத்திலும் சான்கோ தீர்க்கும் வழக்காக வருகிறது. சொற்களால் பொய் சொல்லாமலே பொய் சொல்லும் வழியை மாந்தர் எங்கும் கண்டுபிடித்திருக்கின்றனர். அது பொய்யே என்று எங்கும் தீர்ப்பளித்தும் இருக்கின்றனர்.

இவ்வூரில் காமிராவைக் கொண்டுசெல்வோர் முதலில் காமிரா இன்றிச் செல்லவேண்டும். ஒளி எப்பக்கமிருந்து வருகிறது, எந்நேரத்தில் ஒலிபெருக்கி ஒலிக்கிறது, பேருந்து எப்போது வருகிறது, மக்கள் எங்கே கூடுகின்றனர் என்பவற்றைக் கண்டறிய ஒரு முழுநாள் தேவை. நண்பகல் வெயில் தலைக்குமேல் நிற்பதால் கண்குழிகளில் கருநிழல் விழும். காலை 6 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் உள்ள ஒளியே முகத்திற்கு ஏற்றது. நண்பகலில் எடுக்க நேரின் மரநிழலில் நிற்கவைத்து, வெள்ளைத் தெர்மோகோல் பலகையால் ஒளியை முகத்தில் திருப்பலாம். ஆற்றுவெளியில் காற்று ஒலிவாங்கியில் மோதி இரையும். பஞ்சுறையோ மென்துணியோ சுற்றுதல் இன்றியமையாதது. பேச்சு முடிந்தபின் அனைவரும் அமைதியாக நிற்க, ஒரு நிமிட நேரம் அவ்விடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்க. படத்தொகுப்பில் வெட்டுகளை இணைக்க அதுவே உதவும்.

பம்பை ஆறு எல்லாக் காலத்திலும் ஒரே காட்சி தருவதன்று. கோடையில் மணலையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீரையும் அங்கே காணலாம். அக்டோபரில் ஒரு பாதியும் மே மாதத்தில் மறுபாதியும் எடுத்துத் தொகுத்தால் ஒரே உரையாடலில் ஆறு வற்றிவிடும்.

இவ்வாற்றைப் பற்றியும் ஒரு கதை உண்டு. இரட்டைப் புலவர் எனப்படும் இருவரும் திருவாமாத்தூர்க் கலம்பகம் பாடியபோது, கோயில் ஆற்றின் எக்கரையில் உள்ளது என்பதை மாற்றிப் பாடிவிட்டனர். கேட்டோர் பிழையைச் சுட்டினர். அவ்விரவு பெருமழை பெய்து ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்ள, பாட்டு மெய்யாயிற்று என்பர். அருட்புலவரின் வாக்குப் பொய்க்காது என்னும் நம்பிக்கையிலிருந்து எழுந்த கதை இது. நம் காமிராவுக்கு அத்தகைய சலுகை இல்லை. நாம் தவறாகக் காட்டினால் எந்த ஆறும் திரும்பி ஓடாது. அவ்வூரார் நம்மை நம்பாமற்போவர், அவ்வளவே.

4. இடம் வெறும் பின்னணி அன்று

வெளிப்புறப் படப்பிடிப்பில் நுட்பத்தைவிடக் கடினமானது அனுமதி. ஊராட்சியாரிடமும் இடத்திற்கு உரியவரிடமும் முன்னரே சொல்லிவைப்பது வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள செஞ்சிக் கோட்டை போன்ற இடங்களில் படம் எடுக்கத் தனி இசைவு பெறவேண்டும். தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதற்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. ஆகவே கோயில் வளாகத்துக்குள் உள்ள வட்டப்பாறையைப் படமெடுக்கும் எண்ணம் இருப்பின், அலுவலரிடம் நோக்கத்தை மறைக்காமல் எடுத்துரைத்து எழுத்து வழியாகக் கேட்கவேண்டும். மறுத்தால் மறுப்பை ஏற்கவேண்டும். தெருவிலிருந்து தெரியும் கோபுரமும், ஆற்றுவெளியும், கதையைச் சொல்ல மனமுவந்த ஒரு முதியவரின் முகமும் போதும்.

பச்சைத் திரையின் மிக நுண்ணிய சோதனை இங்குதான் எழுகிறது. அனுமதி மறுக்கப்பட்ட இடத்தின் நிழற்படத்தை எங்கிருந்தோ எடுத்து, அதன்முன் ஆயர் நிற்பதுபோல் காட்டிவிட இயலும். பூட்டிய கதவைத் திறவாமலே உள்ளே நுழைந்துவிடலாம். இதனைச் சட்டம் எவ்வாறு நோக்கும் என்பது ஒருபுறம் இருக்க, அயலாரின் வழிபாட்டிடத்திற்குள் அவர் அறியாமல் நுழைவது அன்பின் செயலா என்று நாம் நம்மையே கேட்கவேண்டும். அத்தேனே பட்டணத்தில் பவுல் தெருக்களில் நடந்து, அம்மக்களின் வழிபாட்டுப் பொருள்களை உற்றுநோக்கிய பின்னரே பேசத் தொடங்கினார் (அப்போஸ்தலர் 17:23). அவருடைய பேச்சைத் தாங்கியது அவர் நடந்த நடையே. பிறர் போற்றும் இடத்தை நம் சொற்பொழிவுக்கு அலங்காரமாகவோ கண்டனத்துக்கு இலக்காகவோ ஆக்குவது பவுலின் வழியன்று.

இடத்திற்கு நினைவும் உண்டு. விலைக்கு வாங்கிய பசும்வயற் காட்சி எந்நாட்டு வயலாகவும் இருக்கலாம். அங்கே யாரும் யாருக்கும் எதுவும் செய்ததில்லை. விழுப்புரத்து மண் அப்படிப்பட்டதன்று. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நிகழ்ந்த சாதி வன்முறையில் தலித் மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். அவ்வட்டாரத்தில் ஒப்புரவைப் பற்றிப் பேசும் ஆயர், பெயரற்ற வயலின் முன் பேசுவதற்கும் அவ்வூர்த் தெருவில் நின்று பேசுவதற்கும் உள்ள வேறுபாடு சொல்லாமலே விளங்கும். தெருவில் நிற்பவர் அத்தெருவாருக்கு விடையளிக்கக் கடமைப்பட்டவராகிறார். பச்சைத் திரை அக்கடமையிலிருந்து அவரை விடுவித்துவிடுகிறது. அந்த விடுதலையை நாம் ஐயத்தோடு நோக்குதல் நன்று.

5. களத்திலும் பொய் உண்டு

எனினும், இடத்திற்குச் சென்று எடுத்ததெல்லாம் உண்மை என்று முடிவு செய்தலும் பிழை. காமிராவின் சட்டத்திற்குள் எதைக் கொள்கிறோம், எதைத் தள்ளுகிறோம் என்பது நம் கையில் உள்ளது. குடிசையைக் காட்டி அடுத்துள்ள மாடிவீட்டை விடலாம். மகிழ்ந்து விளையாடும் பிள்ளையைச் சற்று நேரம் சோர்ந்து நிற்கச் சொல்லலாம்.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வருத்தியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. இத்தகைய வேளைகளில் உதவி கேட்டு அனுப்பும் காணொளியில் வேறோர் ஆண்டின், வேறோர் ஊரின் வெள்ளக் காட்சியைச் சேர்க்கும் ஆசை எழும். ‘வெள்ளத்தால் மக்கள் துன்புறுகின்றனர்’ என்ற சொல் உண்மை; காட்டிய வெள்ளமும் உண்மை வெள்ளமே. ஆயினும் இரண்டையும் இணைத்த இணைப்பு பொய். அண்ணனின் கைத்தடி இதுவே. பணம் கொடுப்பவர் தாம் கண்ட வீட்டிற்கே கொடுப்பதாக எண்ணுகிறார்.

பிள்ளைகளைக் காட்டுவதில் தனிக் கவனம் தேவை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவில் தடை செய்கிறது. மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகளை நன்கொடையாளருக்குக் காட்டும் பழைய வழக்கத்தை இச்சட்டம் மட்டுமன்றி, அப்பிள்ளைகளின் மாண்பும் தடுக்கிறது.

மறுபுறம், உரிய இடத்தில் எடுக்கப்படாத படம் உண்மையாக இருக்கவும் கூடும். இத்தாலிய இயக்குநர் பசோலினி மத்தேயு நற்செய்தியைப் படமாக்க எண்ணி 1963இல் பாலஸ்தீனம் சென்று இடங்களைப் பார்வையிட்டார். அங்கே நவீன காலம் மிகுதியாகப் படிந்திருப்பதைக் கண்டு, தென்னித்தாலியின் ஏழை ஊர்களில், மத்தேரா முதலிய இடங்களில் அப்படத்தை எடுத்தார்; அது 1964இல் வெளிவந்தது. அது எருசலேம் அன்று என்பதை எவரும் அறிவர். ஆயினும் அப்படம் எவரையும் ஏமாற்றவில்லை. குருத்தோலைப் பவனியை நம் ஊர்த் தெருவில் நடத்தும்போது நாமும் இதனையே செய்கிறோம்.

6. இறையியல் நோக்கு

யோவான் நற்செய்தியின் இரு பகுதிகள் இவ்வினாவில் நமக்கு வழிகாட்டுகின்றன. சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசியபோது, வழிபாடு அந்த மலைக்கோ எருசலேமுக்கோ கட்டுப்பட்டதன்று என்றார் (4:21). எனவே புனித பூமியின் படத்தைப் பின்னால் ஒட்டிக்கொண்டால்தான் செய்தி புனிதமாகும் என்னும் எண்ணம் அடிப்படையற்றது. பச்சைத் திரையில் எருசலேமைக் காட்டும் ஆயர், தம் சபையார் வாழும் திண்டிவனத்தைத் தாழ்வாக எண்ணச் செய்கிறாரோ என்று சிந்திக்கவேண்டும். அதே வேளையில், அவ்வுரையாடல் பெயர் அறியப்பட்ட ஓர் ஊரின் கிணற்றருகில், நண்பகலில், தாகத்தோடு அமர்ந்த ஒருவரால் நிகழ்த்தப்பட்டது. வார்த்தை மாம்சமாகி நம் நடுவே கூடாரமிட்டது என்னும் அறிக்கையும் (1:14) இடத்தையும் காலத்தையும் உடலையும் கடவுள் ஏற்றார் என்பதற்குச் சான்று. நற்செய்தி எந்த இடத்திற்கும் அடிமையாகாது. ஆனால் இடமற்றதாகவும் ஆகாது.

பொய்ச்சாட்சியைத் தடுக்கும் கட்டளையும் நினைக்கத்தக்கது. லுத்தரன் திருச்சபையார் அதனை 8ஆம் கட்டளையாகவும், சீர்திருத்தத் திருச்சபையார் 9ஆம் கட்டளையாகவும் எண்ணுவர். எண்ணிக்கை வேறாயினும் கடமை ஒன்றே. மலைப்பொழிவில் இயேசு இதனை ஒருபடி மேலே கொண்டுசெல்கிறார். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசவேண்டும் என்று கருதுபவர், சத்தியம் செய்யாதபோது பொய்க்கு இடம் வைத்திருக்கிறார். பாறையின்முன் உண்மையும் பாறைக்கு அப்பால் வசதியும் என்ற பிரிவினையையே இயேசு நீக்குகிறார். நம் ஆம் ஆம் என்றும், இல்லை இல்லை என்றும் இருப்பின் எல்லாப் பாறையும் வட்டப்பாறையே.

படத்திற்கும் இந்த ஆம் உண்டு. ஆகவே எம்முறையைத் தேர்ந்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறோம். இப்படத்தைப் பார்ப்பவர், பேசுபவர் எங்கே நிற்பதாக எண்ணுவார்? காட்டப்படும் ஊரார் இதனைக் கண்டால், இது தம் ஊரே என்று ஒப்புக்கொள்வரா? இப்படத்தை நம்பி எவரேனும் பொருளோ மனமோ கொடுக்க நேர்ந்தால், முழு உண்மை தெரிந்த பின்னும் அவர் அதையே செய்வாரா?

இவ்வினாக்களின்படி நோக்கினால், பொதுவான வண்ணப் பின்னணியையோ, வரைபடத்தையோ, பாலஸ்தீன நிலப்படத்தையோ பச்சைத் திரை வழியாகக் காட்டி வகுப்பெடுப்பதில் குறையில்லை. அங்கே நிற்பதாக எவரும் எண்ணார். நோயாலோ முதுமையாலோ வெளியே செல்ல இயலாத ஆயர் ஒருவர், தம் சபையினர் எடுத்துவந்த ஊர்க்காட்சியின் முன் பேசுவதும் தகும். பின்னணி தனியே எடுக்கப்பட்டது என்று ஒரு வரி திரையில் காட்டினால் போதும். ஆனால் செய்தியின் வலிமை ‘நான் அங்கே இருந்தேன்’ என்பதையே சார்ந்திருக்கும்போது, அங்கே இருந்தே ஆகவேண்டும். நிவாரணம், நீதி, சாவு, ஒப்புரவு பற்றிய செய்திகள் இவ்வகையின.

முடிவுரை

பச்சைத் துணி இல்லாமலே பின்னணியை நீக்கும் மென்பொருள்கள் இன்று கைபேசியிலேயே உள்ளன. சொல்லைக் கொடுத்தால் காட்சியைப் படைத்துத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. நுட்பம் எளிதாக ஆக, நுட்பத்தைக் கற்பிப்பதினும் அதன் பொறுப்பைக் கற்பிப்பதே இறையியல் கல்லூரிகளின் கடமையாகிறது. அருளுரைக் கலை வகுப்பில் மாணவர் ஒவ்வொருவரும் தாம் பணிசெய்யும் ஊரில் ஒரு நாள் காமிரா இன்றி நடந்து, மறுநாள் காமிராவோடு சென்று, ஐந்து நிமிடப் படமொன்றை எடுத்து, அதனை முதலில் அவ்வூராருக்கே காட்டுவதைப் பயிற்சியாக வைக்கலாம். வகுப்பறையில் ஆசிரியர் சொல்லும் திருத்தத்தினும், தம் தெருவைத் திரையில் கண்ட ஊரார் சொல்லும் திருத்தம் அவர்களுக்கு மிகுந்த பயன் தரும். அத்திருத்தத்தை ஏற்று மீண்டும் சென்று எடுக்கும் பொறுமையை ஊழியத்தின் தொடக்கத்திலேயே அவர்கள் கற்றுக்கொள்வார்களாக.